ஹோட்டல் மாடியில பார், ராத்திரி 1 மணி வரைக்கும் கடை: ‘ஆட்சேபணை இல்லை’ன்னு கையெழுத்துப் போடலாமா?

படிக்கட்டுவீடு, குன்னூர் | ஞாயிறு இரவு 9.50

குன்னூர் பெட்போர்டு பகுதிக்கு மேல சரிவுல இறங்கற ஒரு சந்து எங்களுது. ரோட்டு மட்டத்துல ஒரு ஹோட்டல், அதுக்குக் கீழ படிக்கட்டுக்கு ரெண்டு பக்கமும் 17 வீடு. எங்க சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தா ஹோட்டலோட பின்வாசல்தான் தெரியும். அங்க மிளகாய் தாளிச்சா இங்க தும்மல் வரும், அவ்வளவு பக்கம்.

நேத்து சாயங்காலம் ஓனர் அண்ணன் வீடு வீடா வந்தார். கையில டைப் அடிச்ச தாள். மாடி ஹாலுல பார் வைக்க விண்ணப்பம் போட்டிருக்காராம். கீழ ஹோட்டலையும் ராத்திரி 1 மணி வரைக்கும் நடத்தப் போறாராம். “அக்கம்பக்கத்தாராகிய எங்களுக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை”ன்னு தாள்ல இருக்கு. கீழ 17 கோடு. எட்டுல ஏற்கெனவே கையெழுத்து விழுந்திருச்சு.

எனக்கு என்ன சங்கடம்னா, அவர் கெட்டவர் இல்ல. 2009 நவம்பர் மண்சரிவு இங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ரோடு இல்ல, கரண்ட் இல்ல, பால் இல்ல. மூணு நாள் எங்க சந்து முழுக்க அவர் கடை அடுப்புலதான் சாப்பிட்டுச்சு. ஒரு பைசா வாங்கல. எங்கம்மா “சோறு போட்ட மனுசன் வாசல்ல வந்து கேட்டா இல்லைன்னு சொல்லுவியாடா”ங்கறாங்க. என் மனைவி போடவே கூடாதுங்கறா. பத்தாவது படிக்கற பொண்ணு ராத்திரி டியூஷன் முடிச்சு அந்தப் பின்வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்கு இறங்கணும்.

யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பிட்டேன். புதன்கிழமை திரும்ப வருவார். இந்த மாதிரி விஷயத்துல அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

வெலிங்டன்_வாசி | ஞாயிறு இரவு 10.05

போடாதீங்க. போட்டா அப்புறம் வாயே திறக்க முடியாது.

பழைய_தாலுகா | ஞாயிறு இரவு 10.40

தம்பி, நான் வருவாய்த் துறையில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒரு கேள்வி. அவர் போட்டிருப்பது எந்த உரிமத்துக்கான விண்ணப்பம்?

ஏன் கேட்கிறேன் என்றால், தமிழ்நாட்டில் வெறும் ஹோட்டலுக்கு, அதாவது சாப்பாட்டுக் கடைக்கு, பார் உரிமம் என்று ஒன்று கிடையாது. பெங்களூரு, பாண்டிச்சேரி மாதிரி இங்கே நினைத்துக்கொள்ளக் கூடாது. 2003 நவம்பரில் இருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். அதற்கு வெளியே மது பரிமாற வேண்டுமானால் 1981ஆம் ஆண்டு உரிமம் மற்றும் அனுமதி விதிகளின்படிதான் வாங்க வேண்டும். அதில் நம்ம ஊரில் சாதாரணமாகக் காதில் விழுவது இரண்டு. எஃப்.எல்.3 என்பது நட்சத்திர ஹோட்டலுக்கு. எஃப்.எல்.2 என்பது மன்றத்துக்கு. தனி ஒருவரின் சொத்தாக இல்லாத, உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் கிளப்பாக இருக்க வேண்டும், உறுப்பினர்களுக்கு மட்டும்தான் ஊற்ற வேண்டும். உரிமம் தருவது சென்னையில் இருக்கும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையர். இங்கே கலெக்டர் ஆபீஸ் வழியாக விசாரணை அறிக்கை போகும்.

உங்கள் ஹோட்டல்காரருக்கு நட்சத்திர அந்தஸ்து இல்லை என்றால் மீதி இருப்பது ஒன்றுதான். மாடி வாசலில் புதிதாக ஏதாவது போர்டு தொங்குகிறதா, பாருங்கள்.

படிக்கட்டுவீடு, குன்னூர் | திங்கள் காலை 7.15

சார், இப்பதான் பார்த்துட்டு வரேன். மாடிப்படி ஓரத்துல சின்னதா ஒரு போர்டு. “மனமகிழ் மன்றம்”னு எழுதி, கீழ பதிவு எண். தினமும் பால் வாங்கப் போற வழி. இத்தனை நாள் என் கண்ணுல படல.

பழைய_தாலுகா | திங்கள் காலை 7.30

நினைத்தேன். சங்கமாகப் பதிவு செய்திருப்பார்கள். ஆக, மாடியில் வரப்போவது ஹோட்டலின் பார் இல்லை, கிளப்பின் பார். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு. கீழே பிரியாணி சாப்பிட வந்த டூரிஸ்ட் மாடி ஏறிப் போய் ஒரு பெக் வாங்கினால் அது விதிமீறல். கையெழுத்துப் போடாமல் ஆட்சேபணை மனு எழுதுவதானால் அதில் இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பள்ளி, கோயிலில் இருந்து நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடத்தில் 100 மீட்டர் என்று எல்லோரும் சொல்வார்கள். அது 2003இல் வந்த டாஸ்மாக் சில்லறை விற்பனைக் கடைகளுக்கான விதி. அதை அப்படியே தூக்கி மன்றத்துக்கு எழுதினால், பதில் எழுதுகிறவர் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு மனுவையே மூடிவிடுவார். என் மேஜையில் அப்படி மூடப்பட்ட மனுக்களைப் பார்த்திருக்கிறேன். நியாயமான மனுக்கள்.

கல்லாப்பெட்டி, ஊட்டி | திங்கள் காலை 11.20

நானும் ஹோட்டல் நடத்தறவன்தான். இங்க யாராவது ஒருத்தர் எங்க பக்கமும் பேசணும்னு எழுதறேன்.

எங்களுக்கு வருமானம் ஏப்ரல், மே. அப்புறம் தசரா, தீபாவளி, கிறிஸ்துமஸ் லீவு. ஜூன்ல மழை பிடிச்சா மாஸ்டருக்கும் சப்ளையருக்கும் சம்பளம் கையில இருந்துதான் போகுது. 2024 மே 7ல மலைக்கு வர்ற டூரிஸ்ட் வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சு. 2025 ஏப்ரல்ல ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு எண்ணிக்கை வேற வெச்சாங்க, வார நாள்ல 6,000, வாரக் கடைசில 8,000. மலைக்கு அது நல்லதுதான், நான் எதிர்க்கல. ஆனா வர்ற கொஞ்சப் பேரும் ராத்திரி பார் இருக்கற ரிசார்ட்டுக்கே போயிடறான். எட்டரைக்கு மேல என் கடையில ஈ ஓட்டறேன்.

இன்னொரு விஷயமும் இருக்கு. குடும்பத்தோட வந்தவன், ஒரு பீர் குடிக்கணும்னு நினைக்கறவன், எங்க போவான்? டாஸ்மாக் பார்ல பொண்டாட்டி பிள்ளையோட உட்கார முடியுமா? வாங்கிட்டு வந்து வியூ பாயின்ட்ல காரை நிறுத்திக் குடிக்கறான். பாட்டிலை சரிவுல வீசறான். நாலு சுவத்துக்குள்ள, வெளிச்சத்துல, சாப்பாட்டோட குடிச்சா இதைவிட மோசமாவா இருக்கும்?

தேயிலைச்சரிவு | திங்கள் மதியம் 1.10

கல்லாப்பெட்டி அண்ணன் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. ஊட்டி கிளப் 1841ல ஆரம்பிச்சது. பெரிய மனுசங்க அங்க உட்கார்ந்து குடிச்சா அது பாரம்பரியம். நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் மாடியில நாலு மேஜை போட்டா மட்டும் மனு எழுதறோம். இதையும் யோசிங்க.

பச்சைக்கொழுந்து | திங்கள் இரவு 8.45

நான் எஸ்டேட் லைன்ல இருக்கேன். பேத்திகிட்ட சொல்லி டைப் பண்ண வெக்கறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

என் வீட்டுக்காரர் குடிச்சே போனவர். ஆனா அவர் மாடி பார்ல குடிக்கல. அங்க ஒரு கிளாஸ் என்ன விலைன்னுகூட அவருக்குத் தெரியாது. டாஸ்மாக்ல குவார்ட்டர் வாங்கி ரோட்டுல குடிச்சார். அதனால குடியே வேண்டாம்னு நீங்க மனு எழுதினா நான் சந்தோசப்படுவேன், ஆனா அந்த மனு இந்த மாடியோட நிக்கக் கூடாது. கீழ பஜார்ல இருக்கற கடையைப் பத்தியும் எழுதணும். அதை எழுத உங்களுக்கு மனசு வருமான்னு கேளுங்க உங்களையே.

இன்னொண்ணு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் கடைன்னா பாத்திரம் கழுவறது யாரு? எங்க லைன்ல இருந்துதான் ரெண்டு பொம்பளைங்க அந்த மாதிரி ஒரு ஹோட்டலுக்குப் போறாங்க. கடைசி பஸ் போயிருச்சுன்னா தேயிலைக்குள்ள நடைதான். அந்த நேரத்துல நடந்து பார்த்திருக்கீங்களா.

படிக்கட்டுவீடு, குன்னூர் | திங்கள் இரவு 9.30

அம்மா, நீங்க கேட்டதுக்கு எனக்குப் பதில் இல்ல. பஜார் கடையைப் பத்தி நான் இதுவரைக்கும் ஒரு வரி எழுதினது இல்ல. அது எங்க வீட்டு ஜன்னல்ல தெரியாது, அதுதான் காரணம். அதை ஒத்துக்கறேன்.

தேயிலைச்சரிவு, நீங்க சொன்னதையும் யோசிச்சேன். பெரிய கிளப்புகளைச் சுத்தி மரமும் புல்வெளியுமா இடம் கிடக்கு. எங்க சந்துல பின்வாசலுக்கும் என் பொண்ணு படிக்கற மேஜைக்கும் நடுவுல பதினோரு படிக்கட்டு. ஊர்க்காரர்ங்கறதால கேள்வி கேட்கல, இடத்தாலதான் கேட்கறேன்.

காட்டுப்பாதை | திங்கள் இரவு 10.15

பின்வாசல்னு ரெண்டு தடவை சொல்லிட்டீங்க. அங்க என்ன வெக்கறாங்க? நான் வனத்துறை கூப்பிட்டா ஓடற தன்னார்வலர்கள்ல ஒருத்தன், அதனால கேட்கறேன்.

படிக்கட்டு முடியற இடத்துல தேயிலை இருந்தா உங்க சந்து காட்டெருமைக்கும் கரடிக்கும் வழிதான். கரடிக்குக் கண்ணு மட்டு, மூக்கு அபாரம். கோயில்ல விளக்குக்கு வெச்ச எண்ணெய்க்கும், பேக்கரியில இனிப்புக்கும் கதவை உடைச்சுட்டு உள்ள போன சங்கதி குன்னூர், கோத்தகிரி பக்கம் புதுசு இல்ல. பொரிச்சு முடிச்ச எண்ணெய் டின், எலும்பு, எச்சில் சோறு, இதெல்லாம் பின்வாசல்ல ராத்திரி கிடந்தா முதல்ல தெரு நாய் வரும், பன்னி வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். 2023 தீபாவளி அன்னைக்கு குன்னூர் புரூக்லண்ட்ஸ்ல நடந்தது அதுதானே. நாயைத் துரத்திட்டு வந்த சிறுத்தை வீட்டுக்குள்ள புகுந்து, தீயணைப்புக்காரங்க உட்படப் பல பேருக்குக் காயம்.

கடை ஒன்பதரைக்கு மூடினா குப்பை பத்துக்குள்ள உள்ள போயிரும், ஆள் நடமாட்டமும் நின்னுரும். ஒரு மணி வரைக்கும் நடந்தா, மிருகம் நடக்கற நேரத்துல குடிச்ச ஆளும் நடப்பான். போன வருஷம் ஒரு வாடகை பங்களாவுக்குப் பக்கத்துல, ஒரு டன் எடை இருக்கற காட்டெருமைக்கு முன்னாடி போய் நின்னு போன்ல படம் எடுத்த பையனை நானே இழுத்துட்டு வந்தேன். வாய்ல அப்படி வாசனை. அது தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டது இன்னும் காதுல இருக்கு. அவனுக்கு என்ன நடக்க இருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் புரியவே இல்ல.

பாட்டில் விஷயம்: காட்டுல உடைஞ்ச கண்ணாடி யானை காலைக் கிழிக்குதுன்னு உயர்நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான், 2022 மே மாசம் நம்ம மாவட்டத்துல முதல்ல காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா 10 ரூபாய்ங்கற திட்டம் வந்துச்சு. அது டாஸ்மாக்ல வாங்கின பாட்டிலுக்கு. மன்றத்துல காலியாகற பாட்டில் எங்க போகும்னு மனுவுல கேளுங்க.

சப்ளையர் | செவ்வாய் அதிகாலை 1.40

இப்பதான் ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்தேன். குன்னூர் இல்ல, கீழ மேட்டுப்பாளையத்துல. ரெண்டு வருஷம் முன்னாடி மலையில பார் வெச்ச ஒரு இடத்துல வேலை பார்த்தேன், பேர் வேண்டாம்.

எட்டு மணி நேரம்னு சேர்த்தாங்க. பார் வந்ததும் காலைல பதினொண்ணுக்கு ஏறினா ராத்திரி கடைசி மேஜை எழும்பற வரைக்கும். கடைசி மேஜை எழும்பவே எழும்பாது. “சார் மூடற நேரம்”னு சொன்னதுக்கு ஒருத்தர் தட்டைத் தள்ளிவிட்டார். அந்தத் தட்டுக்காசு என் சம்பளத்துல பிடிச்சாங்க. டிப்ஸ் அதிகம் வந்துச்சு, அதையும் சொல்லணும். ஊருக்குப் பணம் அனுப்பினேன். ஆனா ஆறு மாசத்துல உடம்பு போச்சு.

உங்க அண்ணன்கிட்ட ரெண்டு ஷிப்டுக்கு ஆள் எடுப்பாரான்னு மட்டும் கேளுங்க. வேற எதுவும் கேட்க வேண்டாம். அதுக்கு அவர் என்ன சொல்றார்ங்கறதுலேயே மீதி எல்லாம் தெரிஞ்சுரும்.

பழைய_தாலுகா | செவ்வாய் காலை 6.50

சப்ளையர் தம்பியின் பதிவைப் படித்துவிட்டு எழுதுகிறேன். பார் ஒரு விஷயம், நள்ளிரவுக் கடை இன்னொரு விஷயம். ஒரே தாளில் இரண்டையும் சேர்த்துக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். பிரித்துப் பாருங்கள்.

கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்ற அரசாணை 2019இல் வந்தது, 2022இலும் 2025இலும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் அது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலையில் வைக்க அவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் தர வேண்டும். பச்சைக்கொழுந்து அம்மா கேட்ட கேள்விக்கு அரசாணையிலேயே இடம் இருக்கிறது. எத்தனை ஊழியர்கள், எத்தனை ஷிப்ட், பெண்களை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது யார் என்று கேளுங்கள்.

சத்தத்துக்கு 2000ஆம் ஆண்டு விதி இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு. சரிவில் இருக்கும் வீட்டுக்கு மேலிருந்து வரும் பாட்டுச் சத்தம் அதைத் தாண்டுவது சுலபம்.

“ஆட்சேபணை இல்லை” தாளைப் பற்றி என் அனுபவம். விசாரணைக்கு வரும் வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) அதைக் கோப்பில் வைப்பார். அறிக்கையில் “அக்கம்பக்கத்தாரிடம் ஆட்சேபணை இல்லை” என்று ஒரு வரி ஏறும். மேலே போகப் போக அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்க ஆள் இருக்காது, அந்த ஒரு வரிதான் பேசும். நானே அப்படிப் பல வரிகள் எழுதியிருக்கிறேன். ஒரு தடவையாவது அந்த வீடுகளுக்குப் படி இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கொண்டைஊசி | செவ்வாய் காலை 9.00

டூரிஸ்ட் வண்டி ஓட்டறேன். குன்னூர்ல இருந்து கல்லாறு இறங்க 14 கொண்டை ஊசி. பனி இறங்கினா ஹெட்லைட் போட்டும் முன்னாடி இருக்கற கல்லு தெரியாது. ராத்திரி ஒரு மணிக்கு மாடியில இருந்து இறங்கறவன் பாதிப் பேர் சொந்தக் கார்ல வந்தவன், மலை ஓட்டிப் பழக்கம் இல்லாதவன். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினா கேஸ், 10,000 ரூபாய் அபராதம்னு சட்டம் இருக்கு. ஆனா அந்த நேரத்துல எந்த வளைவுல யார் நிப்பாங்க? வாசல்லயே சாவியை வாங்கி வெச்சுட்டு வண்டி ஏற்பாடு பண்ணிக் குடுக்கணும். அதை எழுதிக் குடுத்தா நான் ஆட்சேபணை சொல்லமாட்டேன்.

வெலிங்டன்_வாசி | செவ்வாய் காலை 9.20

எழுதிக் குடுப்பாங்க. யார் பார்க்கப் போறா?

படிக்கட்டுவீடு, குன்னூர் | வியாழன் இரவு 10.30

நேத்து அண்ணன் வந்தார். நடந்ததை அப்படியே எழுதறேன்.

டீ குடுத்து உட்கார வெச்சோம். கையெழுத்துப் போட முடியலைண்ணான்னு சொல்றதுக்குள்ள எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. எங்கம்மாதான் ஆரம்பிச்சாங்க. “நீ ஊத்தின கஞ்சி இன்னும் என் வயித்துல இருக்குப்பா. அதனாலதான் ஒளிஞ்சுக்காம உன் மூஞ்சியப் பார்த்துச் சொல்றோம்”னாங்க. அவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துட்டு இருந்தார்.

அப்புறம் ஒவ்வொண்ணா கேட்டேன். ஊழியர் எத்தனை பேர்? ஏழு. ரெண்டு ஷிப்டுக்கு ஆள் எடுப்பீங்களா? கட்டுப்படியாகாது. அப்ப 24 மணி நேர அரசாணை உங்களுக்கு வராதேண்ணான்னேன். அவருக்கே அது தெரியல. லைசென்ஸ் வாங்கித் தரேன்னு ஒருத்தர் கோயம்புத்தூர்ல இருந்து வந்து, எல்லாம் நான் பார்த்துக்கறேன்னு முன்பணம் வாங்கியிருக்கார். மன்றத்துக்கு உறுப்பினர் யாருன்னு கேட்டதுக்கு, அந்த ஆளே பட்டியல் கொண்டு வந்தாராம். அதுல இருக்கற பாதிப் பேரை அண்ணன் பார்த்ததே இல்ல. கல்லாப்பெட்டி சொன்ன மாதிரி கடன்தான் காரணம். மாடி கட்டின வங்கிக் கடன். சொல்லும்போது கண்ணு கலங்கிருச்சு. என் மனைவி எழுந்து போய் இன்னொரு டீ போட்டா.

ராத்திரி 1 மணிங்கறதை விட்டுட்டார். பத்து மணிக்கு கடை மூடறேன்னு சொல்லியிருக்கார். எண்ணெய் டின்னை எல்லாம் நேத்து ராத்திரியே ஷட்டருக்குள்ள எடுத்து வெச்சுட்டார், ஜன்னல்ல இருந்து பார்த்தேன். ஆனா மாடி பாரை விடமாட்டேங்கறார். கட்டின முன்பணம் போயிரும்னு பயம். “நீ மனு போடறதுன்னா போட்டுக்கோ தம்பி, நான் கோவிச்சுக்க மாட்டேன்”னுட்டுப் போனார். படியேறும்போது திரும்பிப் பார்க்கல.

மனு எழுதிட்டேன். குடி கெட்டதுன்னு ஒரு வரிகூட இல்ல. உறுப்பினர் பட்டியலைச் சரிபாருங்க, ஹோட்டல் மாடிப்படியும் மன்றத்துக்கு வழியும் ஒண்ணா இருக்கறதை நேர்ல வந்து பாருங்க, குப்பை, பாட்டில், சத்தம், பெண்கள் இறங்கற படிக்கட்டு, வண்டி. அவ்வளவுதான். பஜார் கடைக்குத் தனியா இன்னொரு மனு. அதுக்கு முதல் கையெழுத்து பச்சைக்கொழுந்து அம்மா போடறேன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டையும் திங்கட்கிழமை ஊட்டி குறைதீர்க்கும் கூட்டத்துல குடுக்கறோம்.

ஒரு சந்தேகம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட எட்டு வீட்ல மூணு பேர் இப்ப மாத்திக்கணும்ங்கறாங்க. தாள் அண்ணன்கிட்ட இருக்கு. என்ன பண்ணலாம்?

பழைய_தாலுகா | வெள்ளி காலை 6.30

தாளைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட வேண்டாம். மூன்று பேரும் தனித்தனியாக, அவரவர் கைப்பட எழுதட்டும். இன்ன தேதியில் போட்ட கையெழுத்தை விவரம் தெரியாமல் போட்டேன், இப்போது திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு வரி போதும். கோட்டாட்சியருக்கும் கலால் உதவி ஆணையருக்கும் ஒவ்வொரு பிரதி. கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகர வேண்டாம். அறிக்கை மேலே போய்விட்டதா என்று தெரிய வேண்டுமானால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

கோயம்புத்தூர்க்காரரிடம் கொடுத்த முன்பணத்துக்கு ரசீது இருக்கிறதா என்று உங்கள் அண்ணனிடம் கேளுங்கள். இருந்தால் என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு புகார் எழுதித் தருகிறேன்.